பலகையைப் பகலை என்று படித்தவன்

பல நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம் இது. நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து நிதானமாகப் படியுங்கள்.

போன மாதம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்டு வந்தது. ஆங்கில வார்த்தைகளின் நடு எழுத்துகளைக் கலைத்துப் போட்டிருந்தார்கள். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சரியாக இருந்தால் போதும், மீதியை மூளையே படித்துக்கொள்ளும், இது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கண்டுபிடிப்பு என்று கீழே ஒரு வரி. "படிச்சிட்டேன் டீச்சர்" என்று ஆளாளுக்குக் கட்டைவிரல் போட்டீர்கள். ஒருவன் மட்டும் குரல் பதிவு அனுப்பினான். "டீச்சர், எனக்கு ஒண்ணும் புரியல. எப்பவும் போலத்தான்." அதற்கு இரண்டு பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். நானும் சிரித்தேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதலில் அந்த ஃபார்வர்டு. கேம்பிரிட்ஜில் அப்படி ஓர் ஆராய்ச்சி நடக்கவில்லை. 2003-ல் மின்னஞ்சலில் சுற்ற ஆரம்பித்த சரக்கு அது. கேம்பிரிட்ஜிலேயே மூளையையும் மொழியையும் ஆராய்கிற மேட் டேவிஸ் என்பவர், தங்கள் ஊர்ப் பெயரில் சுற்றுவதைப் பார்த்துவிட்டு எது சரி, எது தப்பு என்று விளக்கி எழுதினார். எழுத்தைக் கலைத்துப் படிக்க வைக்கும் சோதனையை 1976-லேயே நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரஹாம் ராலின்சன் என்பவர் தன் முனைவர் பட்டத்துக்காகச் செய்திருக்கிறார். சின்ன வார்த்தைகளாக இருந்து, பக்கத்துப் பக்கத்து எழுத்தை மட்டும் இடம் மாற்றினால் படித்துவிடலாம். கண்டபடி கலைத்தால் முடியாது. நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலும் கடைசியும் மாறாமல் ‘கத்பம்டதூர்’ என்று ஸ்டேஷனில் எழுதி வைத்தால், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கூட இறங்காமல் செஞ்சிப்பனம்பாக்கம் போய்விடுவார்.

குரல் பதிவு போட்டவனை 1991-ல் நான்காம் வகுப்பில் எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். உங்களில் சிலர் கண்டுபிடிப்பீர்கள், கண்டுபிடித்தாலும் இங்கே எழுத வேண்டாம். அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். சரக்கு ரயில் போனால் பெட்டிகளை எண்ணி, பெட்டிக்கு எட்டு என்று மொத்தச் சக்கரத்தையும் வண்டி மறைவதற்குள் சொல்லிவிடுவான். கதை ஒரு தரம் சொன்னால் போதும், மறுநாள் எனக்கே திருப்பிச் சொல்வான். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் வேர்த்துவிடும். பலகை என்று இருப்பதைப் பகலை என்பான். தலையை லதை என்பான். ஒரு வரி படிக்க முழு வகுப்பும் காத்திருக்க வேண்டும். இவ்வளவு கெட்டிக்காரன் படிக்கவில்லை என்றால் அது திமிர்தான், சோம்பல்தான் என்று நான் முடிவு கட்டினேன். அடித்தேன். வெயிலில் நிற்க வைத்தேன். "மண்டையில களிமண்ணா வெச்சிருக்க?" என்று நாற்பது பிள்ளைகள் முன்னால் கேட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டான்.

ஓய்வு பெற்ற பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்க எனக்கு நேரம் கிடைத்தது. ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு எழுத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கற்றுக்கொடுத்தார்கள். எழுத்தைப் படிக்கும்போது தலைக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை கிடையாது.

கதை பாரிஸில் தொடங்குகிறது. 1887 அக்டோபர் மாதம், ஓய்வு பெற்ற ஜவுளி வியாபாரி ஒருவருக்குத் திடீரென்று படிக்க முடியாமல் போனது. கண் நன்றாக இருக்கிறது. பேச்சு நன்றாக இருக்கிறது. பேனாவைக் கொடுத்தால் எழுதுகிறார். எழுதி முடித்த தாளை அவரிடமே நீட்டினால், தான் எழுதியதையே படிக்கத் தெரியவில்லை. இலக்கங்களை மட்டும் படிக்கிறார், கணக்கும் போடுகிறார். ஜூல் டெஜெரின் என்ற மருத்துவர் அவரை வருடக்கணக்கில் கவனித்தார். 1892-ல் அவர் இறந்த பிறகு மூளையைத் திறந்து பார்த்தால், இடப்பக்கம் பின்புறம் ஒரு பகுதி பக்கவாதத்தில் சேதமாகியிருந்தது. பார்வை வேறு, படிப்பு வேறு, எழுத்தைக் கண்டுகொள்ள மூளையில் தனியாக ஒரு பாதை இருக்கிறது என்று அப்போதுதான் உறுதியானது.

அதே பிரான்சில், நூறு வருடம் கழித்து, மூளையை உயிரோடு படம் பிடிக்கும் கருவி வந்த பிறகு, ஸ்டானிஸ்லாஸ் தெஹானும் லோரான் கோஹனும் அந்த இடத்தைத் துல்லியமாகக் காட்டினார்கள். இடது காதுக்குப் பின்னால், மூளையின் அடிப்பக்கம். எழுத்து தோன்றி ஐயாயிரம் வருடத்துக்குச் சற்று மேலே ஆகிறது. நம் தமிழ் பிராமிக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். மனித மூளையின் வயதுக்கு இதெல்லாம் நேற்று நடந்தது. அதனால் படிப்பதற்கென்று பிறவியிலேயே ஓர் இடம் இருக்க வாய்ப்பில்லை. முகத்தையும் பொருளையும் அடையாளம் காண இருந்த இடத்தில் ஒரு துண்டை எழுத்துக்கு ஒதுக்கிக்கொள்கிறோம் என்பது தெஹான் சொல்கிற விளக்கம். ஆங்கிலமோ சீனமோ ஹீப்ருவோ, எந்த எழுத்தைப் படித்தாலும் ஏறக்குறைய அதே இடம்தான் வேலை செய்கிறது.

நடைபழகுவது மாதிரி தானாக வருவதில்லை படிப்பு. ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் புதிதாகக் கட்டவேண்டிய வீடு அது. சில பிள்ளைக்கு ஒரு வருடத்தில் எழும்பும், சில பிள்ளைக்கு அஸ்திவாரத்திலேயே இழுக்கும்.

எழுத்தைப் பார்த்த கணத்தில் சொல் தெரிந்துவிடுவது இன்றைய நமக்கு எவ்வளவு சுலபமாகிவிட்டது என்பதற்கு நம் பழைய ஓலைச்சுவடியை நினைத்தால் போதும். ஓலையில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். ரகரமும் துணைக்காலும் ஒரே கோடு. த, அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு, அப்புறம் ம. இது தரமா, தாமா? பெறு என்பதும் பேறு என்பதும் பார்வைக்கு ஒன்றே. எகர ஒகரக் குறிலுக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தாலும், ஏடு எழுதினவர்கள் அதைக் கைவிட்டுவிட்டார்கள். நெடிலுக்கு இன்று நாம் போடுகிற இரட்டைச் சுழிக் கொம்பைக் கொண்டுவந்தவர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர், பதினெட்டாம் நூற்றாண்டில். அப்படியென்றால் அந்தக் காலத்துப் புலவர் எப்படித்தான் படித்தார்? முன்கூட்டியே மனப்பாடமாகத் தெரிந்ததை ஏட்டைப் பார்த்து நினைவுபடுத்திக்கொண்டார். தெரியாத ஏடு கைக்கு வந்தால் வாய்விட்டு ஓதி, காதால் கேட்டு, பொருள் பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்லைப் பிரித்தார். உ.வே. சாமிநாதையர் போன்றவர்கள் ஒரு நூலைப் பதிப்பிக்க வருடக்கணக்கில் பாடுபட்டதற்கு இதுவும் ஒரு காரணம். அவ்வளவு பெரிய புலவர்களும் ஒரு வரியில் நின்று தடுமாறியிருக்கிறார்கள். அவர்களை யாரும் வெயிலில் நிற்க வைக்கவில்லை.

அச்சு வந்த பிறகுதான் கண்ணுக்கு விடுதலை. 1578-ல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சானது. ஆனால் அச்சு வந்த உடனே எல்லாம் மாறிவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் சந்தி பிரித்து, நிறுத்தக் குறிகள் போட்டுப் பாடபுத்தகங்கள் அச்சிட்டார். வாய் ஓதிக் காது கேட்ட படிப்பு, மெல்ல மெல்லக் கண்ணால் ஓடும் படிப்பாக மாறியது.

கண் ஓடுகிறது என்று சொல்கிறோமே, அதுவும் முழு உண்மையில்லை. வரிமேல் கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தவளை மாதிரி தாவித் தாவிப் போகிறது என்று பாரிஸில் எமில் ஜவால் என்ற கண் மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் 1870-களின் கடைசியில் கவனித்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் கால் விநாடி நிற்கும். நிற்கிற இடத்தில் சில எழுத்துகள்தான் தெளிவாகத் தெரியும். ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று நாம் ஒரே சொல்லாக எழுதுகிறோம். ஒரு தாவலில் விழுங்க முடியாத சொல் அது. இதை நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்து "சட்டுனு படி" என்று சொல்லியிருக்கிறேன்!

என் கண்ணையே நான் ஒருமுறை மாற்றிக்கொள்ள வேண்டி வந்தது. நான் பயிற்சிப் பள்ளியில் இருந்த 1978-ல், அக்டோபர் மாதம், எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. பெரியார் 1935-லேயே குடிஅரசு பத்திரிகையில் நடைமுறைக்குக் கொண்டுவந்ததில் பெரும்பகுதிதான் அது. உங்களுக்கு அந்தப் பழைய எழுத்தெல்லாம் தெரியாது. லை, ளை, ணை, னை நான்கும் யானை துதிக்கையைத் தூக்கின மாதிரி தலைக்குமேல் ஒரு வளைவோடு இருக்கும். ணா, றா, னா மூன்றுக்கும் துணைக்கால் கிடையாது, எழுத்தின் வாலே கீழே சுருண்டுகொள்ளும். அவற்றோடு சேர்ந்த ஒகர ஓகார எழுத்துகளும் அப்படியே. மொத்தம் 13 எழுத்து மாறியது. ஐ, ஔ இரண்டையும் எடுத்துவிடலாம் என்ற யோசனையை மட்டும் அரசு ஏற்கவில்லை.

பதினொரு வருடம் பழகின கை. கரும்பலகையில் ‘பானை’ என்று எழுதப்போனால் துதிக்கை தானாகத் தூக்கிக்கொள்ளும். மாதிரி வகுப்பு எடுக்கும்போது பிள்ளைகள் முன்னால் அழித்து அழித்து எழுதியிருக்கிறேன். ஆனால் படிப்பதில் எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. ஒரு மாதத்தில் எது பழசு, எது புதுசு என்று பார்ப்பதையே கண் நிறுத்திவிட்டது. எங்கள் அப்பா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். "எழுத்தோட அழகையே கெடுத்துட்டானுங்க" என்று பேப்பரைத் தட்டிக்கொண்டே, அதே பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படித்தார்.

அம்மா கதை வேறு. அம்மா கைநாட்டு. 1990-களில் அறிவொளி இயக்கம் எங்கள் பக்கம் வந்தபோது அம்மாவுக்கு ஐம்பதுக்கு மேல். ராத்திரி வேலையெல்லாம் முடித்துவிட்டு மற்ற பெண்களோடு தெருவிளக்கின் கீழ் உட்கார்ந்து படித்தது. முதலில் தன் பெயர், அப்புறம் பஸ் போர்டு, அப்புறம் பத்திரிகைத் தலைப்பு. அப்பா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த பழைய புத்தகம் ஒன்றை ஒருநாள் எடுத்து, துதிக்கை எழுத்தைக் காட்டி "இது என்னாடி, பிள்ளையாரா?" என்று கேட்டது. ஒரே வீட்டில் ஒரே மொழி, புருஷன் படிப்பதைப் பெண்டாட்டி படிக்க முடியவில்லை. அம்மாவுடைய கண் புது எழுத்தில் மட்டும் வளர்ந்த கண்.

ஐம்பது வயதுக்கு மேல் மூளையில் என்ன புதிதாக ஏறப்போகிறது என்று அன்று பலரும் சொன்னார்கள், நானும் மனதுக்குள் நினைத்தேன். 2010-ல் தெஹானும் மற்றவர்களும் பிரேசில், போர்ச்சுகல் நாடுகளில் 63 பெரியவர்களைச் சோதித்தார்கள். எழுத்தறியாதவர்கள், சின்ன வயதில் படித்தவர்கள், பெரியவர்களான பிறகு படித்தவர்கள் என்று மூன்று வகை. வயதான பிறகு படித்தவர்களின் மூளையிலும் அந்த இடம் எழுத்துக்கு விழித்துக்கொண்டிருந்தது. நம் நாட்டிலேயே, லக்னோ பக்கத்துக் கிராமங்களில், படிக்காத பெரியவர்களுக்கு ஆறு மாதம் இந்தி எழுத்தைக் கற்றுக்கொடுத்து, முன்னும் பின்னும் மூளையைப் படமெடுத்தார்கள். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தாரும் இந்திய ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தது, 2017-ல் வெளியானது. மூளையின் மேல்புறத்தில் மட்டுமில்லை, அடி ஆழத்திலும் மாற்றம் தெரிந்தது என்று எழுதியிருக்கிறார்கள். இதைப் படித்தபோது அம்மா உயிரோடு இல்லை.

இடம் ஒன்றானாலும் எழுத்துக்கு எழுத்து வேலை வேறு. நம் ஸ்டேஷன் பலகை நல்ல உதாரணம். தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் ஊர்ப்பெயர். தமிழ் எழுத்தைப் படிக்காமல் இருக்கலாம் என்று நினைத்தாலும் என்னால் முடியாது, கண் பட்டவுடன் படித்து முடிந்துவிடும். ஆங்கிலமும் அப்படித்தான். சின்ன வயதில் பிராத்மிக் வரை படித்த இந்தி மட்டும் இன்னும் எழுத்து எழுத்தாகத்தான் வருகிறது. தமிழில் கடம்பத்தூர் என்பதில் வருகிற ட, ப இரண்டையும் எப்படி மென்மையாகச் சொல்வது என்று எழுத்தில் எந்தக் குறிப்பும் இல்லை. இடத்தைப் பார்த்து நாமே முடிவு செய்கிறோம். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் நம் மாவட்டத்தில் நிறைய. அவர்கள் மொழியில் அந்த ஒலிக்கெல்லாம் தனித்தனி எழுத்து உண்டு. அதனால் தமிழ் வகுப்பில் முதலில் திகைப்பார்கள்.

இன்னொன்று, கொம்பு. ‘கெ’ என்பதில் ககரத்தை முதலில் சொல்கிறோம், ஆனால் எகரக் கொம்பு முன்னால் நிற்கிறது. இந்தியில் குறில் இகரக் குறி இப்படித்தான் முன்னால் நிற்கும். அப்படிப்பட்ட சொற்களைச் சரளமாகப் படிக்கத் தெரிந்தவர்களும் சற்றுத் தாமதித்தே சொல்கிறார்கள் என்று ஜோத்ஸ்னா வைத், ஆஷும் குப்தா இருவரும் 2002-ல் காட்டியிருக்கிறார்கள். கன்னடப் பிள்ளைகளைப் பல பள்ளிகளில் ஆராய்ந்த சோனாலி நாக், உயிர்மெய் எழுத்துகள் முழுவதும் பிடிபட நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்று 2007-ல் எழுதினார். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, நமக்கு 247. நாமோ முதல் வகுப்பு முடிவதற்குள் எல்லாம் வந்துவிட வேண்டும் என்று பிரம்பைத் தூக்கினோம்.

ஜப்பானியர்கள் இரண்டு விதமான எழுத்தைக் கலந்து எழுதுகிறார்கள், ஒன்று ஒலியைக் காட்டுவது, மற்றது சீனத்திலிருந்து வந்த சொல்லெழுத்து. பக்கவாதம் வந்த சிலருக்கு அதில் ஒன்று போய் மற்றது மிஞ்சியதை அங்கே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1999-ல் வைடெல், பட்டர்வொர்த் என்ற இருவர் எழுதினது எனக்கு இன்னும் வியப்பு. ஜப்பானில் வளர்ந்த, ஆங்கிலம் பேசும் வீட்டுப் பையன். ஆங்கிலம் படிக்கத் திணறுகிறான், ஜப்பானிய மொழியை நன்றாகப் படிக்கிறான். இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து மூன்றிலும் படிப்பில் திணறியவர்களை 2001-ல் ஒப்பிட்டபோது, மூளையில் குறை ஒரே இடத்தில்தான் தெரிந்தது. ஆனால் எழுதியபடியே ஒலிக்கிற இத்தாலிய மொழிக்காரர்கள் மற்ற இருவரைவிடச் சரியாகப் படித்தார்கள். தமிழும் பெரும்பாலும் எழுதியபடி ஒலிக்கிற மொழி. அதனால்தான் நம் பிள்ளைகளில் பலர் தப்பாகப் படிக்காமல் மெதுவாகப் படிக்கிறார்கள், நாம் அதற்குச் சோம்பேறி என்று பெயர் வைக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் அனுபவத்தில் சொல்வது, ஆராய்ச்சி முடிவில்லை.

கடைசியாக ஒரு பையன். 1896-ல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், பெர்சி என்ற பதினான்கு வயதுப் பையனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். கெட்டிக்காரன், விளையாட்டில் சூரன், கணக்கு நன்றாக வரும். எழுத்து மட்டும் ஏறவில்லை. தன் பெயரையே தப்பாக எழுதினான். பாடம் முழுவதும் வாய்வழியாக மட்டும் இருந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதலாவதாக வருவான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். பிறவியிலேயே சொல்குருடு என்று மார்கன் அதற்குப் பெயர் வைத்தார். இன்று டிஸ்லெக்சியா என்கிறோம். அந்த இடத்தைப் படித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். சக்கரம் எண்ணின பையனேதான். அந்த வெள்ளைக்கார வாத்தியாருக்கு 1896-ல் தெரிந்தது எனக்கு 1991-ல் தெரியவில்லை. மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் சென்னையில் ஆரம்பித்ததும் அந்தத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான். இங்கிருந்து லோக்கல் ரயிலில் போய்வருகிற தூரம்.

உங்களில் பன்னிரண்டு பேர் இப்போது ஆசிரியர்கள். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுதுகிற ஆள், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு எல்லாம் கேட்டு வாங்கலாம். சான்றிதழுக்குக் கடைசி மாதத்தில் ஓடாதீர்கள், எட்டாம் வகுப்பிலேயே பெற்றோரிடம் பேசுங்கள்.

அவன் இப்போது மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். பக்கத்துத் தொழிற்பேட்டையிலிருந்தெல்லாம் மோட்டார் வருகிறது. சுற்று எண்ணிக்கை எதையும் எழுதி வைப்பதில்லை, எல்லாம் தலைக்குள்தான். இந்தப் பதிவை உங்களுக்குப் போடுவதற்கு முன், முழுவதையும் என் குரலில் படித்து அவனுக்கு அனுப்பினேன். ஏதாவது தப்பாக இருந்தால் சொல்லு, உனக்குப் பிடிக்கவில்லை என்றால் போடவில்லை என்றும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். மறுநாள் மத்தியானம் பதில் வந்தது, பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தத்தோடு.

"போடுங்க டீச்சர். ஒண்ணு மட்டும் மாத்துங்க. பிரம்புன்னு சொல்றீங்க, அது பிரம்பு இல்ல, புங்கங்குச்சி. நான்தான் ஒடிச்சுக் குடுப்பேன்."

மாற்றவில்லை. அவன் சொன்னதையே கடைசியில் சேர்த்துவிட்டேன்.